அறுந்த விரலும் அருகில் நிற்பவர் கையும்

(பட்டறைத் தொழிலாளர்கள், உரிமையாளர்கள், மாணவர்கள் கூடிய அவையில் கை அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விரல் துண்டாகி விழுந்த நொடியிலேயே அது செத்துவிடுவதில்லை. அதனுள் இருக்கும் உயிரணுக்கள் மேலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கின்றன. அந்த நேரத்துக்குள் ரத்தம் மறுபடியும் கிடைத்தால் விரல் பிழைக்கும், கிடைக்காவிட்டால் அழுகும். கை அறுவை மருத்துவர்களாகிய எங்கள் வேலை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தாக வேண்டும். ஆனால் அந்த இடைவெளியின் முதற்பகுதி, பல நேரங்களில் பெரும்பகுதி, மருத்துவமனைக்கு வெளியே கழிகிறது. பட்டறைத் தரையில், வயல் வரப்பில், வீட்டு வாசலில், ஆட்டோவில் கழிகிறது. அப்போது அந்த விரலைக் கையில் எடுப்பவர் மருத்துவர் இல்லை. பக்கத்து மிஷினில் நிற்கும் நண்பர், அடுத்த வீட்டு அக்கா, கடை முதலாளி. அதனால்தான் இந்தப் பேச்சை மருத்துவர்கள் கூட்டத்தில் பேசுவதைவிட உங்கள் முன்னால் பேசுவதை முக்கியமாக நினைக்கிறேன்.

ஒரு விரலுக்குள் என்ன இருக்கிறது

உங்கள் ஆள்காட்டி விரலை ஒருமுறை பாருங்கள். நடுவில் எலும்பு. முதுகுப்புறம் விரலை நிமிர்த்தும் தசைநாண். உள்ளங்கைப் பக்கம் விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டு. விரலின் இரு பக்கவாட்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தமனிகள். ஒவ்வொரு தமனியோடும் ஒட்டியபடி ஒரு நரம்பு. ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் பெரும்பாலும் முதுகுப்புறத் தோலுக்கு அடியில் ஓடுகின்றன. விரலின் அடிப்பகுதியில் தமனியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். நுனியை நெருங்க நெருங்க அது இன்னும் சிறுத்துப் போகும்.

விரலுக்குள் இல்லாத ஒன்றும் உண்டு. அது தசை. விரலை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விரலுக்குள் வருபவை அவற்றின் நாண்கள் மட்டுமே. அறுந்த விரல் நமக்குக் கொடுக்கும் அவகாசத்துக்கு இதுவே காரணம். ரத்தம் நின்றால் தசை வெகுநேரம் தாங்காது. குளிர்விக்காமல் விட்டால் சுமார் ஆறு மணி நேரத்தில் மீளமுடியாதபடி கெடத் தொடங்கும். அப்படிக் கெட்ட தசைக்குள் மறுபடியும் ரத்தத்தை விட்டால், அங்கே சேர்ந்திருக்கும் பொட்டாசியமும் அமிலங்களும் உடலுக்குள் பாய்ந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். எனவே முன்கையோடு, அல்லது தோளை ஒட்டி, கை துண்டானால் கெடு மிகக் குறைவு. விரலுக்குச் சாதாரண வெப்பநிலையில் 12 மணி நேரம் வரையிலும், முறையாகக் குளிர்வித்தால் 24 மணி நேரம் வரையிலும் பொதுவாகக் கணக்கு வைக்கிறோம். குளிரில் காக்கப்பட்ட மூன்று விரல்களை 84, 86, 94 மணி நேரத்துக்குப் பிறகு பொருத்தி மூன்றையும் பிழைக்க வைத்ததைத் தைவான் மருத்துவர்கள் 1988இல் பதிவு செய்தார்கள். அது அபூர்வம். அதை நம்பி யாரும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் சரியான குளிர் ஒரு விரலுக்கு எவ்வளவு அவகாசம் வாங்கித் தரும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

லியோன் நகரத்துத் தையல்

குழாயை இணைத்தால் ரத்தம் ஓடிவிடும் என்று சொல்வது எளிது. மனிதன் அதைச் செய்யக் கற்றுக்கொண்ட கதை நீண்டது.

1894 ஜூன் 24 அன்று பிரான்சின் லியோன் நகரில் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோவை ஒருவன் கத்தியால் குத்தினான். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரை அறுந்தது. அந்த ஊரின் பெரிய அறுவை மருத்துவர்கள் எல்லாம் சுற்றி நின்றும், நள்ளிரவு தாண்டியதும் அவர் உயிர் பிரிந்தது. அந்தக் காலத்தில் அறுந்த ரத்தக் குழாயைக் கட்டி அடைக்கத் தெரியும். ரத்தம் ஓடும்படி இணைக்க நம்பகமான வழி தெரியாது. அதே நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் காரெலுக்கு அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. குழாயைத் தைக்கத் தெரிந்திருந்தால் தலைவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். காரெல் அங்கிருந்த பூத்தையல் கலைஞர் திருமதி லெருதியேயிடம் போய், மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். மருத்துவக் கல்லூரி சொல்லித்தராத பாடத்தை ஒரு தையற்காரப் பெண்மணி சொல்லித்தந்தார். அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் அந்த அம்மையாருக்கு ஓர் இடம் உண்டு என்று நான் மனமார நம்புகிறேன்.

காரெல் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இது. ரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களாலான வழவழப்பான படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலம் முழுமையாக இருக்கும்வரை ரத்தம் உறையாமல் ஓடும். அது எங்கே கிழிகிறதோ அங்கே உடனே உறையத் தொடங்கும். நமக்குக் காயம் பட்டால் ரத்தம் நிற்பது இந்த ஏற்பாட்டினால்தான். ஆனால் குழாயைத் தைப்பவருக்கு இதே ஏற்பாடு எதிராகத் திரும்புகிறது. ஊசி துளைக்கும் ஒவ்வொரு துளையும், குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு இழையும் ரத்தம் உறைய ஓர் இடம். அதோடு, மெல்லிய வட்டக் குழாயைத் தைக்கும்போது ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் கோத்துவிட்டால் வழியே அடைபட்டுப்போகும்.

காரெல் 1902இல் வெளியிட்ட தீர்வு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. வட்டமான வாயின் விளிம்பில் சம தூரத்தில் மூன்று தையல்களைப் போட்டு, மூன்றையும் மூன்று திசையில் மெல்ல இழுத்தார். வட்டம் முக்கோணமாகியது. வளைந்த விளிம்பு மூன்று நேர்கோடுகளாகியது. நேர்கோட்டில் தைப்பது எளிது, எதிர்ச்சுவரும் ஊசிக்கு எட்டாமல் விலகி நிற்கும். விளிம்புகளைச் சற்றே வெளிப்புறம் மடித்து, உட்படலம் உட்படலத்தோடு சேரும்படி அவர் தைத்தார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு உலகின் எந்த மூலையில் ரத்தக் குழாயைத் தைத்தாலும், உட்படலத்தைக் காத்து உட்படலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற அந்த விதியை மீற முடியாது.

முயலின் காதிலிருந்து மனிதனின் கட்டைவிரல் வரை

காரெல் தைத்தவை பெரிய குழாய்கள். ஒரு மில்லிமீட்டர் குழாய்க்குப் போக இன்னும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. காரணம் இயற்பியலில் இருக்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் ரத்தம் பாதியாகக் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பெரிய குழாயில் தையல் சற்றுக் கோணினாலும் ரத்தம் ஓடிவிடும். விரல் தமனியில் அந்தச் சலுகை கிடையாது.

அதற்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன: கண்ணுக்கு ஒரு நுண்ணோக்கி, கைக்கு ஒரு நுண்ணூசி, ரத்தம் உறையாமல் தடுக்க ஒரு மருந்து. 1916இல் ஹெப்பாரின் கண்டறியப்பட்டது. 1921இல் ஸ்வீடனில் கார்ல் நைலேன் காது அறுவைக்கு நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். 1960இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் ஜேகப்சன் நுண்ணோக்கியின் கீழே இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ரத்தக் குழாய்களை இணைத்துக் காட்டினார். கலிபோர்னியாவில் ஹாரி பங்க்கி என்ற மருத்துவர் தம் வீட்டுக் கார் கொட்டகையையே ஆய்வுக்கூடமாக்கி, முயலின் காதை அறுத்து மறுபடி பொருத்தும் முயற்சியில் இறங்கினார். முயல் காதின் ரத்தக் குழாய் ஏறத்தாழ மனித விரலின் தமனி அளவுதான். பல தோல்விகளுக்குப் பிறகு 1964இல் அவர் பொருத்திய காது பிழைத்தது.

அதே காலத்தில் மனிதர்களிடமும் வெற்றிகள் வந்தன. 1962 மே மாதம் பாஸ்டனில், சரக்கு ரயிலில் தாவி ஏறப்போன 12 வயதுச் சிறுவன் ஒருவனின் வலது கை தோளுக்குக் கீழே துண்டானது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான இளம் மருத்துவர்கள் அதைப் பொருத்தினார்கள். 1963 ஜனவரியில் சீனாவின் ஷாங்காயில், பஞ்சிங் மிஷினில் மணிக்கட்டுக்கு மேலே கையை இழந்த ஒரு தொழிலாளிக்கு, ஆறாவது மக்கள் மருத்துவமனையில் சென் சோங்வேயும் அவருடைய சகாக்களும் கையை மீட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தொழிலாளி அதே கையால் மறுபடியும் வேலை செய்தார். 1965 ஜூலை 27 அன்று ஜப்பானின் நாரா நகரில் ஷிகேயோ கோமாட்சு, சுசுமு தமாய் என்ற இரு மருத்துவர்கள் முழுவதுமாகத் துண்டாகியிருந்த ஒரு கட்டைவிரலைப் பொருத்தினார்கள். ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழே இணைத்து முழுமையாக அறுந்த விரலை உயிர்ப்பித்த முதல் வெற்றி அதுவே. அன்று அவர்களிடம் இருந்த நூல்கள் இன்றைய நூல்களைவிடத் தடித்தவை, நுண்ணோக்கிகள் இன்றைய வசதிகள் இல்லாதவை. அந்தப் பொறுமைக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பெருமையான பங்கு உண்டு. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றி, வேலை செய்யும் கைகளைத் திருப்பித் தந்த மருத்துவர் பால் பிராண்ட் அந்தப் பணியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவைத் துறை, ஏழைத் தொழிலாளியும் நுண் அறுவையைப் பெறலாம் என்று காட்டியது. கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜா சபாபதியின் குழு செய்துவரும் பணியைக் கற்க இன்று வெளிநாட்டு மருத்துவர்கள் அந்த ஊருக்கு வருகிறார்கள். பஞ்சாலையும் பம்பு செட்டும் வார்ப்படப் பட்டறையும் நிறைந்த ஒரு மண்ணில் இந்தத் திறமை வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. தேவையே அதை வளர்த்தது.

அறுவை அரங்கில் நடப்பது

விரலும் ஆளும் மருத்துவமனைக்கு வந்ததும் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு குழு காயம்பட்டவரைக் கவனிக்கிறது. வேறு உயிராபத்தான காயம் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் கடமை. விரலைவிட உயிர் பெரிது. இன்னொரு குழு அந்த நேரத்திலேயே விரலை அறுவை அரங்குக்கு எடுத்துப்போய், நுண்ணோக்கியின் கீழே சுத்தம் செய்து, தமனி எங்கே, நரம்பு எங்கே, சிரை எங்கே என்று தேடி ஒவ்வொன்றுக்கும் அடையாளத் தையல் இடுகிறது. தோலுக்குக் கீழே தமனியின் வழியெங்கும் சிவப்புக் கோடு தெரிந்தால் எங்களுக்குக் கவலை. விரல் வெட்டுப்படவில்லை, பிய்த்து இழுக்கப்பட்டிருக்கிறது, குழாய் உள்ளேயே நெடுகக் கிழிந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

பிறகு ஒரு வரிசை. முதலில் எலும்பு. அதைச் சில மில்லிமீட்டர் குட்டையாக்கிக் கம்பி செலுத்தி நிலைநிறுத்துகிறோம். விரல் கொஞ்சம் குட்டையாவதில் பலருக்கு வருத்தம். ஆனால் நசுங்கிய குழாய் முனைகளை நல்ல பகுதி வரும்வரை வெட்டி எறிந்தாக வேண்டும், மிஞ்சியதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். எலும்பு குறைந்தால் குழாய்கள் இழுவையில்லாமல் சந்திக்கும். அடுத்து நிமிர்த்தும் நாண், மடக்கும் நாண். அதன் பிறகு தமனி, நரம்பு, சிரை. கடைசியாகத் தோல். இடைவெளி கூடுதலாக இருந்தால் முன்கையிலிருந்து ஒரு சிறு சிரைத் துண்டை எடுத்து இடையில் வைத்துத் தைக்கிறோம். சிரைக்குள் வால்வுகள் உண்டு, அவை ஒரு திசையில் மட்டுமே ரத்தத்தை விடும். எனவே அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்த வேண்டும்.

தமனிக்குப் பயன்படும் நைலான் நூலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியது. தலைமுடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. ஒரு விரல் தமனியைச் சுற்றி ஆறு அல்லது எட்டுத் தையல்கள். நுண்ணோக்கியின் கீழே நம் நாடித்துடிப்புகூடக் கை நடுக்கமாகத் தெரியும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, விரல் நுனிகளை மட்டும் அசைத்து, ஊசியின் வளைவு போகும் போக்கிலேயே அதை வெளியே எடுக்க வேண்டும். ஒரு விரலுக்கே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பல விரல்கள் என்றால் ஒரு குழு களைத்து அடுத்த குழு வந்து அமரும்.

தமனியை இணைத்து, குழாயைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்பை எடுக்கும்போது, வெள்ளை வெளேரென்று கிடந்த விரல் அடியிலிருந்து நுனிவரை மெல்ல இளஞ்சிவப்பாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் என் நெஞ்சு நிறையும் காட்சி அது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது.

வடிகால் இல்லாத வயல்

தமனி வழியே வந்த ரத்தம் சிரை வழியே திரும்ப வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருந்து வடிகால் அடைபட்டால் பயிர் அழுகும். விரலுக்கும் அதே கதி. சிரைகளின் சுவர் மெலிந்தது, ரத்த அழுத்தமும் குறைவு. அவற்றைத் தைப்பது தமனியைத் தைப்பதைவிடக் கடினம். எனவே ஒரு தமனிக்கு இரண்டு சிரைகளையாவது இணைக்க முயல்கிறோம். விரல் நுனியில் அறுந்திருந்தால் தைக்கத் தக்க சிரையே கிடைக்காமலும் போகலாம். அப்போது விரல் வீங்கி நீலம் பாரிக்கும்.

அந்த நேரத்தில் எங்களுக்குத் துணைவருவது ஓர் அட்டை. ஆம், குளத்தில் இருக்கும் அட்டையின் இனம்தான். தேங்கிய ரத்தத்தை அது உறிஞ்சுகிறது. அதன் உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின் என்ற பொருள் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதால், அட்டை விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து மணிக்கணக்கில் ரத்தம் கசியும். சில நாட்களில் புதிய நுண்சிரைகள் தாமாகவே முளைத்து வேலையை ஏற்றுக்கொள்ளும்வரை அந்தக் கசிவு விரலைக் காக்கிறது. ஸ்லோவேனிய மருத்துவர்கள் இருவர் 1960இல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மருத்துவ அட்டைக்கு அனுமதி அளித்தது. நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடல் ஒன்று என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் யாரும் தாமாகக் குளத்து அட்டையைப் பிடித்து விடக் கூடாது. அட்டையின் குடலில் வாழும் ஒரு வகைக் கிருமி புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும். மருத்துவமனையில் அதற்கென்று வளர்த்த அட்டையை, கிருமிக்கு எதிரான மருந்தோடு சேர்த்தே பயன்படுத்துகிறோம்.

முதல் மூன்று நாட்கள்தான் கண்டம். செவிலியர்கள் இரவு பகலாக விரலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறை கதகதப்பாக இருக்க வேண்டும், குளிர் பட்டால் தமனி சுருங்கும். பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கி, பல மணி நேர உழைப்பை ஒரே மூச்சில் கெடுத்துவிடும். பார்க்க வருபவர்களும் அந்த அறைக்குள் புகைக்கக் கூடாது.

பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளர்கிறது. விரலடியில் அறுந்திருந்தால் நுனிக்கு உணர்வு எட்டவே மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. பனிக்காலத்தில் விரல் வலிக்கும். மூட்டு இறுகும். பயிற்சியாளர் சொல்வதை நாள் தவறாமல் செய்தவர்களின் விரல்தான் வேலைக்கு உதவும் விரலாகிறது.

எந்த விரலைப் பொருத்துவது

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். எல்லா விரலையும் பொருத்த முடியாது. முடிந்தாலும் பொருத்தக் கூடாத நேரம் உண்டு. விரல் உயிரோடு இருப்பது போதாது, கைக்கு உதவ வேண்டும். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் நடு மூட்டுக்கும் உள்ளங்கைக்கும் இடையே அறுந்து, அதைப் பொருத்தினால், பெரும்பாலும் விறைத்துப்போய் மற்ற விரல்களுக்கு இடைஞ்சலாக நிற்கும். அப்படிப்பட்டவர் விரைவில் வேலைக்குத் திரும்ப, முனையைச் சரிசெய்து மூடுவதே நல்லது. மருத்துவர் அப்படிச் சொன்னால் அக்கறையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் கட்டைவிரல், ஒரே கையில் பல விரல்கள், உள்ளங்கையோடு அறுந்த கை, குழந்தையின் எந்த விரலும் ஆகியவற்றைப் பொருத்த எல்லா முயற்சியும் செய்வோம். குழந்தைகளுக்குக் குழாய் சிறிது, ஆனால் நரம்பு பெரியவர்களைவிட நன்றாக வளரும். கட்டைவிரல் இல்லாத கையால் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது, பேனாவைப் பிடிக்க முடியாது, சோற்றைப் பிசைந்து உருட்ட முடியாது. சட்டத்துக்கும் இது தெரிந்திருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, முழுக் கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போய்விட்டதாகக் கொண்டது. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7.

கட்டைவிரல் அடியோடு நசுங்கிப் போயிருந்தாலும் வழி மூடிவிடவில்லை. 1968இல் இங்கிலாந்தில் ஜான் காபெட் ஒருவரின் கால் பெருவிரலை எடுத்துக் கைக்குக் கட்டைவிரலாகப் பொருத்தினார். இன்று நம் ஊரிலும் அது நடக்கிறது. 1998இல் காரெல் படித்த அதே லியோன் நகரில், இறந்த ஒருவரின் கையை இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். ஆனால் அடுத்தவர் உறுப்பை உடல் ஏற்க வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். அந்த நோயாளி மருந்தைத் தொடராததால் 2001இல் அந்தக் கையை அகற்ற நேர்ந்தது. சொந்த விரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதைவிடச் சிறந்த மாற்று உறுப்பு உலகில் எங்கும் கிடைக்காது. அதைத் தரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

விபத்து நடந்தால் முதலில் மிஷினை நிறுத்துங்கள். அடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் விரல் காயத்தின் ரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். விரலடியில் கயிறோ ரப்பர் பேண்டோ கட்டாதீர்கள். முன்கையோ மேல்கையோ துண்டாகி, அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீறிட்டால் மட்டும் அகலமான துணியால் மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காயத்தில் காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, கிரீஸ் எதையும் வைக்காதீர்கள். அத்தனையையும் நாங்கள் கழுவி எடுக்க வேண்டும், கழுவும்போது நல்ல திசுவும் போகும்.

விரலைத் தேடி எடுங்கள். எத்தனை துண்டானாலும் எல்லாவற்றையும் எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சலைனாலோ சுத்தமான குடிநீராலோ மேலாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்துப் பிழிந்து அதில் விரலைச் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாதபடி வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸ் துண்டுகளும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் விரலை நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டால் திசுவுக்குள் இருக்கும் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதையும், அந்த விரலை யாராலும் மீட்க முடியாது. விரலைத் தண்ணீரிலோ பாலிலோ டெட்டாலிலோ ஊறப் போடவும் கூடாது.

விரல் ஒரு சிறு தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பிய்த்துவிடாதீர்கள். அந்தத் தோலுக்குள் ஒரு சிரை ஓடலாம், அது ஒன்றே விரலைக் காப்பாற்றலாம். விரலை இயல்பான நிலையில் வைத்து, ஒரு காகித அட்டைத் துண்டைத் துணையாக வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

108-ஐ அழையுங்கள். நுண் அறுவை செய்யும் மருத்துவமனை எது என்று கேட்டு, புறப்படும்போதே அங்கே தகவல் சொல்லுங்கள். விபத்து நடந்த நேரத்தைப் பையின் மேல் எழுதுங்கள். அடிபட்டவருக்குக் காப்பி, டீ, சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அடிபட்ட கையின் மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். இந்த விரலைப் பொருத்த முடியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அந்த முடிவை நுண்ணோக்கியின் கீழே பார்த்த பிறகு நாங்கள் சொல்கிறோம்.

அறுபடாத விரல்

இத்தனை சொன்ன பிறகும், நான் பொருத்தித் தரும் விரல் அறுபடாத விரலுக்கு ஒருபோதும் ஈடாகாது. எனவே உரிமையாளர்களிடம் சில வார்த்தைகள். சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேலி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே அச்சு இறங்கும் அமைப்பு உண்டு. இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் அச்சுக்குள் போக வழியில்லை. உற்பத்தி குறைகிறது என்று அதில் ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டி வைக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஓவர் டைம் முடியும் நேரத்தில் தூங்கி வழியும் பையனைப் பிரஸ்ஸில் உட்கார வைக்காதீர்கள்.

தோழர்களே, மோதிரத்தைக் கழற்றிவிட்டு மிஷினைத் தொடுங்கள். கம்பியிலோ கதவிலோ மாட்டிய மோதிரம், குதித்து இறங்கும் உடலின் எடையால் விரலின் தோலையே உறைபோல் உருவி எடுத்துவிடும். நாங்கள் பொருத்த மிகவும் திணறும் காயங்களில் அது ஒன்று. டிரில்லிங் மிஷின், லேத் போன்ற சுழலும் மிஷின்களில் கையுறை போடாதீர்கள், அது கையோடு உள்ளே இழுக்கும். வீட்டில் மாவு மிஷினோ, மாட்டுக்குத் தழை நறுக்கும் இயந்திரமோ இருந்தால் குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் சங்கிலியைக் கையால் சுற்றவிடாதீர்கள். செயின் கார்டு இல்லாத சங்கிலி சின்ன விரல்களை எளிதாகப் பறிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பட்டறையின் முதலுதவிப் பெட்டியிலும் ஒரு பாட்டில் சலைன், சுத்தமான காஸ் துணி, இரண்டு பிளாஸ்டிக் பைகள் இருக்கட்டும். ஐஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும், நுண் அறுவை செய்யும் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் பெட்டியின் மூடியில் எழுதியிருக்கட்டும். பெட்டியில் பூட்டு வேண்டாம். நாளைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிலிருந்து முதலாளி வரை எல்லோரும் ஒருமுறை இதைச் செய்து பழகுங்கள். ஒரு கேரட் துண்டை ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு, ஐஸுக்குள் வைத்துப் பாருங்கள். அறுந்த விரலுக்கு முதல் சிகிச்சை கொடுப்பவர் அந்தப் பட்டறையில் நிற்பவர்தான். அவர் தம் வேலையைச் சரியாகச் செய்து அனுப்பினால், மிச்சத்தை நாங்கள் எங்களால் முடிந்த அளவு நன்றாகச் செய்து தருவோம்.